கேட்டால் கொடுப்பார்கள்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், தம்புள்ளையை அடைவதற்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் முன்பாக, கலேவெல என்னும் சிறு நகரம் இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தின் மேற்கு ஓரம். சிங்களவரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் ஊர். பெரிய வெங்காயம் விளையும் மண். திருகோணமலைக்குச் செல்லும் பஸ் இவ்வூரின் நடுவே ஓடுகிறது. வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இவ்வழியாற் போகிறவர்கள் தம்புள்ளையில் ஏ9 பாதையைத் தொடுகிறார்கள். எல்லை என்று சுட்டிக்காட்டத்தக்க எதுவும் இங்கு இல்லை. ஆயினும் வடக்கு நோக்கிய பாதையில் அமைந்த ஊரின் மீது எல்லையின் நிழல் எப்பொழுதாவது விழத்தான் செய்கிறது.

இவ்வூரில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அரசாங்கம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வட மாகாணத்துக்குச் செல்வதாயின் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும் என்பது அது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இதனையொத்த கட்டுப்பாடு 2011இலேயே நீக்கப்பட்டுமிருந்தது. அறிவித்தல் வந்த சில நாள்களில் கலேவெலயின் தேநீர்க் கடையொன்றிலே நண்பர் ஒரு முதியவரைக் கண்டார். வடமராட்சியிற் பிறந்தவர், எண்பதுகளில் நாட்டைவிட்டுப் போய்ப் பிறிதொரு நாட்டின் பிரசையானவர். அண்ணனின் அந்தியேட்டிக்கு வந்தவரைச் சோதனைச் சாவடியொன்றில் இறக்கித் திருப்பியனுப்பியிருந்தார்கள். கையில் கடிதம் இல்லை.

“விண்ணப்பித்திருந்தால் தந்திருப்பார்களே, ஐயா?” என்று நண்பர் கேட்டிருக்கிறார்.

“தந்திருப்பார்கள் தம்பி. அதிலே எனக்குச் சந்தேகமில்லை. அண்ணன் வீட்டுக்குப் போக நான் ஆரைக் கேட்கிறது?” என்றாராம் முதியவர்.

நண்பர் இதை வீம்பு என்றார். முற்போக்கான கருத்துகள் உடையவர். எவரையும் இனத்தால் எடைபோடாதவர். அவருடைய நியாயங்களையும் நான் அலட்சியம் செய்வதற்கில்லை. கேட்டால் கொடுக்கிறார்கள்; கொடுக்கப்படும் ஒன்றைக் கேட்பதில் இழிவு என்ன? இது முதலாவது. குண்டு வெடித்ததும் இந்தப் பாதையிலேதானே, காவல் வேண்டாமா? இது இரண்டாவது. மூன்றாவது நியாயத்தை அவர் சற்றுத் தயக்கத்தோடுதான் சொன்னார்: 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது; முடிந்துபோன கதையை ஏன் கிளற வேண்டும்?

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மறுக்கப்பட்டால் மட்டுமே அநீதி, கொடுக்கப்பட்டால் அநீதியில்லை என்று எண்ணுவது பொதுவான வழக்கம். பத்திரிகைகளும் மறுப்புகளையே செய்தியாக்குகின்றன. வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, முத்திரை பெற்று, நன்றி கூறி வெளியேறியவனின் கதை செய்தியாவதில்லை. ஆயின் அனுமதி என்பதன் இயல்பு மறுப்பிலே தெரிவதைக் காட்டிலும் கொடுப்பிலேதான் நன்கு தெரிகிறது என்பது என் கருத்து. மறுக்கப்பட்டவனுக்குத் தன் உரிமை பறிக்கப்பட்டது என்ற தெளிவாவது எஞ்சுகிறது. கொடுக்கப்பட்டவனோ, நேற்றுவரை தன்னுடையதாக இருந்த ஒன்றை இன்று இன்னொருவரின் தயவாகப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான். அதிகாரி நல்லவராக, நாற்காலி தந்து, விரைவாகக் கையொப்பமிடுபவராக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. அவருக்கு நன்றி பாராட்டாமலிருப்பது பண்பாடாகாது. நன்றி கூறிய மறுகணமே, நாம் பெற்றது ஓர் உபகாரம் என்பதை நாமே ஒப்புக்கொண்டவர்களாகிறோம்.

படிவத்திலே ‘பயணத்தின் நோக்கம்’ என்றொரு பகுதி இருக்கும். அதனைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கலேவெலக்காரர் ஒருவர் காலியிலுள்ள தம் மகளைப் பார்க்கப் புறப்படுகிறார். எதற்காகப் போகிறீர் என்று எவராவது கேட்டால் அவர் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சும்மா போகிறேன் என்றும் சொல்லலாம். ‘சும்மா’ என்ற சொல்லைச் சொல்ல முடிவதுதான் சுதந்திரத்தின் எளிய அடையாளம். அனுமதிப் படிவத்தில் அச்சொல்லுக்கு இடமில்லை. மரணம், திருமணம், நோய், வழக்கு, சொத்து என்று ஏதாவதொன்றைக் காட்டியாக வேண்டும்; பிறந்த வீட்டுக் கிணற்றடியில் ஒரு மாலைப்பொழுது இருந்துவிட்டு வரும் ஆசையை எந்த அதிகாரியும் ஒரு நோக்கமாகப் பதிவதில்லை. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்களே, அப்பொழுது சொல்லப்பட்டதும் இதுதான்: தலைநகரில் தங்குவதற்குத் தக்க காரணம் அவர்களிடம் இல்லை. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையை நிறுத்தியது. காரணம் காட்டி வாழ வேண்டியவர்கள், காரணமின்றி வாழக்கூடியவர்கள் என்று நாட்டு மக்கள் இரு பிரிவாகியிருந்தனர் என்பதை அந்த ஒரு நாள் அம்பலமாக்கிற்று.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அன்று. மாத்தளை, கண்டி அரசின் திசாவைகளுள் ஒன்றாக இருந்தது. 1660 முதல் 1679 வரை அவ்வரசிலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன், தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில், பாதைகளை மறித்து நின்ற முட்கதவுகளையும் அவற்றைக் கடப்பதற்கு வேண்டியிருந்த அனுமதியையும் விவரித்துள்ளான். அனுமதி காகிதத்தில் எழுதப்படவில்லை; களிமண்ணிலே பதித்த முத்திரையாக இருந்தது. போர்வீரன் போவதானால் வாளும் ஈட்டியும் தாங்கிய மனிதனின் உருவம். கூலியாள் போவதானால் தோளிற் காவுதடியும் அதன் இருமுனையிலும் மூட்டையும் கொண்ட உருவம். வெள்ளையன் போவதானால் தொப்பி அணிந்த உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ மண்ணில் அத்தனை பதிவுகள். நகருக்குள்ளே வருபவரைக் காட்டிலும் வெளியே போகிறவரே மிகுதியாகச் சோதிக்கப்பட்டனர் என்றும் அவன் குறிப்பிடுகிறான்.

எழுத்தறியாத காவலாளியும் வாசிக்கக்கூடிய அனுமதிச் சீட்டு அது. வாசிக்கப்பட்டது என்ன? பெயர் இல்லை, ஊர் இல்லை, இன்னாரின் மகன் என்பது இல்லை. சுமப்பவன், காப்பவன், அந்நியன் என்ற வகை மட்டுமே. கூலியாள் எத்தனை முறை கடந்தாலும் களிமண்ணில் அவன் தோளிலிருந்து மூட்டை இறங்குவதில்லை. அனுமதி மனிதனைக் கேட்பதில்லை, வகையைக் கேட்கிறது என்பதை இத்துணை நேர்மையோடு ஒப்புக்கொண்ட அரசாங்கம் பின்னர் வரவில்லை என்றே நினைக்கிறேன். (மன்னர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை.)

கண்டி அரசு 1815இல் வீழ்ந்தது. அதன்பின் வந்த கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட உழைப்பாளர்கள், 1914இல் தலைமன்னார் வழி திறக்கப்படும் முன்னரே, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே வீழ்ந்தவர் பலர். தோட்டத்தை அடைந்தபின் அவர்கள் அறிந்த சொல் ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால், துரையிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் பெறவேண்டும். அதில் அத்தொழிலாளியின் பெயரிலுள்ள கடன் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைப் புதிய தோட்டம் செலுத்தினால் ஆளை விடுவிப்போம் என்பது அதன் பொருள். கங்காணியிடம் வாங்கிய முற்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் அந்தத் துண்டிலே தொங்கின. துண்டின்றி வந்தவனைப் பிற தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. இங்கும், கேட்டால் கொடுத்தார்கள்! கடனைக் கட்ட ஒருவன் முன்வந்தால் துரை மறுப்பதில்லை. அதனால் அது அடிமை முறையன்று என்று வாதிட்டோரும் இருந்தனர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. ஒழித்ததற்கு மனிதாபிமானம் மட்டுமே காரணம் என்று நாம் ஏமாற வேண்டியதில்லை. இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும், ஆள் வரவு நின்றுவிடுமோ என்ற தோட்ட முதலாளிகளின் கவலையும் அதிலே சேர்ந்திருந்தன.

களிமண்ணையும் துண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், அனுமதியின் பொருளாதார வேர் தென்படுகிறது. மனிதன் நகர்வதைத் தடுப்பதே இவற்றின் நோக்கமெனில் ஒரு மதிலே போதுமானது. நகரவும் வேண்டும், ஆனால் உழைப்போ, கடனோ, விசுவாசமோ, ஏதோ ஒன்று பின்னால் கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். கதவையும் கயிற்றையும் ஒருங்கே கொண்டதுதான் அனுமதிச் சீட்டு.

இனி நண்பரின் இரண்டாவது நியாயம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. 2006 ஜூன் 15ஆம் திகதி கெப்பிட்டிகொல்லாவையில் பஸ்ஸில் சென்ற கிராமத்தவர் அறுபதுக்கும் மேற்பட்டோர் கண்ணிவெடிக்குப் பலியாயினர். குழந்தைகளும் அதிலே இருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி திகம்பதனையில், இதே திருகோணமலைப் பாதையில், வெடிமருந்து நிரம்பிய லொறி மோதி ஏறத்தாழ நூறு கடற்படையினர் மாண்டனர். 2008 பெப்ரவரி 2ஆம் திகதி தம்புள்ளையிலே நின்ற பஸ்ஸில் குண்டு வெடித்தது. இறந்தவர்களிற் பெரும்பாலோர் யாத்திரிகர். கலேவெலயின் பெற்றோர் அந்நாள்களில் பிள்ளையைப் பஸ்ஸேற்றிவிட்டு மாலைவரை நெஞ்சில் நெருப்போடு இருந்ததை நண்பர் சொல்லும்போது, எதிரே இருப்பவன் உரிமையின் இலக்கணம் பேசுவது அழகன்று.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சோதனை வேறு, அனுமதி வேறு. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பது, ‘நீ எதைக் கொண்டு போகிறாய்?’ என்ற கேள்வி. அதற்குப் பையே பதில் சொல்லிவிடும். சொல்லியதும் கேள்வியும் முடிந்துவிடும். அனுமதி கேட்கும் கேள்வியோ ‘நீ யார்?’ என்பது. அதற்கு எந்தப் பையாலும் பதில் சொல்ல முடியாது. அந்நாள்களில் தெற்கிலே சிங்களவரின் அடையாள அட்டை சிங்களத்தில் மட்டும் இருக்க, தமிழரின் அட்டை இரு மொழியிலும் இருந்தது. இரு மொழி என்பது ஒரு நாட்டுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டியது. சாவடியிலே அது சந்தேகத்தின் குறியாயிற்று. அட்டையை வாங்கிய கை, பெயரை வாசிக்கும் முன்னமே வகையை வாசித்துவிட்டது. களிமண் முத்திரைதான்!

வவுனியாவிலே நடைமுறையிலிருந்த பாஸ் இதைவிடத் தெளிவான உதாரணம். 1990களின் பிற்பகுதியில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் அந்நகரைத் தாண்டித் தெற்கே செல்ல முடியாது. ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று வகைவகையாகப் பெற்றே வாழ வேண்டியிருந்தது. மருத்துவமனைக்குப் போவதற்கும் பாஸ், மகளைப் பாடசாலையிற் சேர்ப்பதற்கும் பாஸ். சிதம்பரபுரம் முகாமிலே வாழ்ந்த ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 2002இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இந்தப் பாஸ் முறைக்குச் சட்டத்தின் ஆதாரம் எதுவும் இல்லை, நாட்டினுள்ளே நடமாடும் சுதந்திரத்தைப் பிரசைக்கு உறுதி செய்யும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் வரிசையிலே நின்று பெற்றதும், மடித்து நெஞ்சருகே வைத்துப் பாதுகாத்ததும், தொலைந்தபோது பதறியதும், சட்டத்தில் இல்லாத ஒரு காகிதத்துக்காக! அத்தனை பேரும் அதைக் கேட்டுப் பெற்றதனாலேயே அது சட்டம் போலத் தோற்றமளித்தது. ‘கேட்டால் கொடுக்கிறார்களே’ என்பதன் மறுபக்கம் இதுதான்: கேட்பதனாலேயே, கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டாகிறது.

அந்தத் தீர்ப்புக்குப் பின்னரும் இவ்வழக்கம் ஓயவில்லை. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 பாதை மூடப்பட்டதும், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இராணுவத்தின் இசைவு தேவைப்பட்டது. 2009இல் மெனிக் பாம் முதலிய முகாம்களில் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் வேலிக்குள் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில்தான் தற்காலிகமாக வெளியே சென்றுவரும் அனுமதி வந்தது.

இவ்வளவு சொன்னபின், ஒன்றை மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தகுதியே எனக்கு இல்லாமற் போகும். விடுதலைப் புலிகளும் தம் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியேறப் பாஸ் கேட்டார்கள். பிணை நிற்க ஒருவரைக் காட்ட வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் நின்றவர் பதில் சொல்ல வேண்டும். கொழும்பிலே கல்வி கற்கப் போகும் மாணவனுக்காகத் தாய்மாமன் பிணையானான். துரையிடம் துண்டு வாங்கியவனின் கடன் இங்கே உறவாக உருமாறியிருந்தது, அவ்வளவே. நம்மவர் கேட்ட பாஸை நாம் பாஸ் என்றே கருதவில்லை. கட்டுப்பாடு, பொறுப்பு, காலத்தின் தேவை என்று பெயரிட்டோம். அதற்கும் முன்னே, 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் சில மணி நேர அவகாசத்திலும் சில நாள் அவகாசத்திலும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தங்கியிருப்பதற்கு விண்ணப்பிக்கும் படிவம்கூட எவரிடமும் இருக்கவில்லை. இதைப் பேசாத தமிழ் வாய் வவுனியாப் பாஸைப் பற்றிப் பேசும்போது குரல் உடையத்தான் செய்யும்.

அப்படியானால் எல்லா அனுமதியும் தீதா? இங்கே நான் சற்றுத் தடுமாறுகிறேன். இந்தியாவின் வடகிழக்கிலே உள்ளகக் கோட்டு அனுமதி என்றொன்று உண்டு. 1873இல் ஆங்கிலேயர் வகுத்தது. தேயிலைக்கும் யானைக்கும் ரப்பருக்குமான தங்கள் வணிகத்தின் நலன் கருதியே மலைக்கும் சமவெளிக்கும் இடையே அக்கோட்டைப் போட்டனர். ஆனால் இன்று அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் ஆகியவற்றின் மக்கள் அக்கோட்டைத் தங்கள் நிலத்தின் காவலாகக் கொள்கிறார்கள். மணிப்பூர் போராடி 2019இல் அதைப் பெற்றுக்கொண்டது. சிறு தொகையினரான மலைமக்கள், பெருமூலதனமும் பெருந்தொகையினரும் தம்மை விழுங்கிவிடாதிருக்கக் கதவிலே ஒரு தாழ்ப்பாள் கேட்பதை, இராணுவம் தன் பிரசையிடம் பாஸ் கேட்பதோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார், யாருடைய வீட்டுக் கதவு அது என்பவற்றைப் பார்க்க வேண்டும். எளியவன் தன் வாசலில் வலியவனை நிறுத்திக் கேட்பது ஒன்று. வலியவன் எளியவனை அவன் வாசலிலேயே நிறுத்திக் கேட்பது வேறொன்று. ஆயினும் அம்மலைக் கதவிலே நிலம் விழுங்க வந்த வணிகன் மட்டுமா நிற்கிறான்? வீதி போட வந்த கூலியாளும் நிற்கிறான். தாழ்ப்பாளுக்கு வர்க்கம் தெரிவதில்லை. இதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதியவரின் ‘வீம்பு’க்கு முன்னோடிகள் தமிழர் வரலாற்றிலேயே உண்டு. 1908 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க்கிலே காந்தியின் தலைமையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. அவற்றை எரித்தவர்கள் சான்றிதழ் மறுக்கப்பட்டவர்களல்லர். அதைக் கையிலே வைத்திருந்தவர்கள். 1913இல் திரான்ஸ்வால் எல்லையை அனுமதியின்றிக் கடந்து சிறை சென்றோரில் தமிழ்ப் பெண்கள் பலர். அங்கேயே வாழும் உரிமை பெற்றிருந்தோரும் வேண்டுமென்றே காகிதம் காட்ட மறுத்தனர். சிறையிலே காய்ச்சல் கண்டு, விடுதலையாகி, 1914 பெப்ரவரி 22ஆம் திகதி மறைந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. அதே நாட்டிலே பாஸ் சட்டங்கள் பின்னும் நெடுங்காலம் நின்றன. 1960இல் ஷார்ப்வில்லில் அவற்றை எதிர்த்தோர் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1986இல்தான் அவை நீங்கின. கேட்டால் கிடைத்திருக்கும் ஒன்றைக் கேட்க மறுத்த அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை நாம் பாடப் புத்தகத்திலே வைத்துப் போற்றுகிறோம். தேநீர்க் கடை முதியவரை வீம்பர் என்கிறோம். தூரம் அதிகமாக அதிகமாக நமக்கு நியாயம் துலக்கமாகிறது போலும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தையும் மறுக்க முடியாது. நடமாடும் சுதந்திரத்தை அரசியலமைப்பு பிரசைகளுக்கே உறுதி செய்கிறது, முதியவர் பிரசையல்லர். அந்நியரிடம் அனுமதி கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு என்று நண்பர் சொன்னபோது, அதை நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த அந்நியர் கட்டுநாயக்காவில் இறங்கி, சீகிரியாவுக்கும் கண்டிக்கும் காலிக்கும் எந்தக் கடிதமுமின்றிப் போகலாம். நாடு முழுவதிலும் அவர் விருந்தாளி. பிறந்த மாகாணத்தில் மட்டும் அவர் மீது ஐயம். சட்டம் கடவுச்சீட்டைப் பார்த்தது என்பது உண்மையானால், தடை விமான நிலையத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நியாயத்துக்கு வருகிறேன். இன்று கலேவெலயிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவரிடம் எவரும் பாஸ் கேட்பதில்லை. ஓமந்தைச் சாவடியும் 2015இல் அகற்றப்பட்டது. நண்பரே தம் மாணவர்களை நல்லூருக்கும் நயினாதீவுக்கும் அழைத்துச் சென்று வந்திருக்கிறார். முடிந்துபோன கதைதான். ஆனால் அவர் தம்மையறியாமல் ஒன்றைச் சொன்னார்: அத்தனை ஆண்டுகளிலும், ஊரின் நடுவே அந்தப் பஸ்கள் ஓடியிருந்தும், உள்ளே இருந்தவர்களில் யார் யாரிடம் காகிதம் இருந்தது, எத்தனை நாளைக்கான காகிதம் என்று தாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. தேநீர் குடிக்க இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். அனுமதி தேவைப்படாதவனுக்கு அனுமதி கண்ணுக்குத் தெரிவதில்லை. மாத்தளை மாவட்டத்துத் தமிழ் பேசுவோராகிய நம்மிலும் பலர், அட்டையைக் காட்டி இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டோம் என்பதற்காக, கடக்க முடியாதவனைப் பற்றி வீட்டில் பேசாமலிருந்தோம். ஆசிரியர்களாகிய நாம் பாடசாலையிலும் பேசவில்லை. குடியியல் பாடத்திலே நடமாடும் சுதந்திரம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனோம். வகுப்பிலே பின்வாங்கில் இருந்த இடம்பெயர்ந்த பையனின் முகத்தைப் பார்க்கவில்லை.

நண்பர் இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. வள்ளியம்மை தன் உடலையே வருத்தினாள். முதியவரோ, உரிமைக்காக யாரை வருத்தினார்? வடமராட்சியிலே ஓர் அண்ணி, புருஷனின் தம்பி வருவான் என்று காத்திருந்திருப்பாள். ஒரு கையொப்பத்தோடு முடிந்திருக்கக்கூடிய காரியம். தன்மானத்தின் கணக்கை அந்தப் பெண்ணின் பெயரில் எழுத அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார்.

அந்தக் கணக்கை அவள் பெயரில் எழுதியவர் முதியவரல்லர், கடிதம் கேட்டவர்களே என்று பதில் சொன்னேன். சொன்னது தர்க்கத்துக்குப் போதுமானது, நண்பருக்குப் போதவில்லை, இரவு தனியே யோசித்தபோது எனக்கும் போதவில்லை. அன்று படையல் வைத்தபின் அந்த அண்ணி எத்தனை மணி வரைக்கும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தேநீர்க் கடையிலே நண்பர் கேட்கவில்லை. முதியவரும் சொல்லவில்லை. கொழும்பு பஸ் வந்துவிட்டதாம்.